நிறைத்துக் கொடுத்த பை

மச்சான் பையை வாசலிலேயே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கொடுத்தவர் எதிரில் பையைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை; எடை போட்டுப் பார்ப்பதுபோல ஆகிவிடும். கையில் கனம் தெரிந்ததும், "இத்தனை எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்பதும் வழக்கம்தான்.

"புள்ளை ஆசைப்பட்டுக் கேட்டுதுங்க மாப்ள. அதுக்கு மேல என்னங்க" என்றார். உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். என் மகளின் தலையைத் தொட்டு, "நல்லாச் சாப்புடு கண்ணு" என்றார். பீளமேட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று உடனே கிளம்பிவிட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பும் சில மாடுகளும் வைத்திருக்கிறார். பையில் இருந்தது காளான். என் மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மருமகனுக்கு வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் வேலை, குடியிருப்பும் அங்கேதான். சில நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போகலாமென்று கணபதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மகள் வந்திருந்தாள். வந்ததும் மாமாவிடம் போனில் பேசியபோது, புற்றுக்காளான் குழம்பு சாப்பிட வேண்டும்போல இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ஐப்பசி மழை இடியோடு பெய்துகொண்டிருந்த வாரம் அது. இடி இடித்த மறுநாள் விடியலில் கரையான் புற்றுகளின் ஓரத்தில் வெள்ளைக் காளான் முளைத்திருக்கும். வாயும் வயிறுமாக இருக்கிற பெண் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லும் தாய்மாமன் எங்கள் பக்கத்தில் கிடையாது.

என் வேலை அளவு பார்ப்பது. பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் தரச் சோதனை என் பொறுப்பு. கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடினாலோ குறைந்தாலோ தனியே எடுத்து வைப்பேன். வீட்டிலும் அந்தப் புத்தி போவதில்லை. சுவரில் மாட்டிய படம் சரிந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இருபத்தாறு வயதிலிருந்து நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். மழை, மின்சாரம் போன நேரம், யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம், இவ்வளவுதான் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தை மட்டும் வெகுநாள் கழித்துத்தான் எழுத முடிந்தது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. மனைவியைக் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தினேன். இங்கே சொல்வதும் அந்த வரிசைதான்.

மதியம் சோறு, காளான் குழம்பு, ரசம், தயிர். மகளும் நானும் உட்கார்ந்தோம். மருமகன் காலையில் மலையிறங்கி வந்து, ஆர்.எஸ்.புரத்தில் தன் பெற்றோரோடு சாப்பிட்டுவிட்டு, மகளை அழைத்துப்போக அதன்பிறகு வருவதாக ஏற்பாடு. மனைவி பரிமாறினாள். அவள் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள். எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொண்டதில்லை.

முந்தின நாள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் மேஜைமேல் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்தேன். குழந்தையின் தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். மற்றவர்கள் அந்தப் புகைமூட்டம் போன்ற படத்தில் மூக்கையும் விரலையும் தேடுவார்கள். எனக்கு எண்கள் போதுமாக இருந்தன. வாரக்கணக்கோடு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்தேன். எல்லாம் எல்லைக்குள் இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

குழம்பில் லேசாக ஒரு கசப்பு. சொல்லவில்லை. பிறந்த வீட்டிலிருந்து வந்ததை ஆசையாகச் சமைத்து வைத்திருக்கிறவளிடம் கசக்கிறது என்று எப்படிச் சொல்வது? தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.

மருமகன் வந்தார், காபி குடித்தார், பெட்டியை ஏற்றினார். இருட்டுவதற்குள் மலையேறிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்தினேன்.

எங்கள் கேட்டில் கம்பியை வளைத்து வளைத்து வேலைப்பாடு செய்திருக்கும். கொண்டியைப் போடும்போது அந்த வளைவுகள் மெல்ல உப்பி, மெல்ல அடங்குவதைப் பார்த்தேன், தூங்குகிறவரின் வயிறுபோல. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இன்னும் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

முதலில் வந்த எண்ணம் பக்கவாதம். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் தூக்கினேன். சிரித்துப் பார்த்தேன். வாய் கோணவில்லை. ஆனால் கண்ணாடியில் சிரித்தவன் நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கண்மணிகள் பெரிதாக, கறுப்பாக, இரண்டு துளைகள்போல இருந்தன.

பயம் வந்தால் நான் எதையாவது அளப்பேன். மேஜை இழுப்பறையில் ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்திருக்கிறேன். அதை எடுத்து ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்தேன். அதன் விட்டம் எனக்கு மனப்பாடம். அளவுகோலின் கோடுகளைப் படிக்கப் போனபோது அவை எறும்புச் சாரைபோல நகர ஆரம்பித்தன. விரலை வைத்து ஒரு கோட்டைப் பிடிக்கப் பார்த்தேன். மற்ற கோடுகள் விரலைச் சுற்றிக்கொண்டு போயின. முப்பது வருடமாக அந்தக் கோடுகளை நம்பிப் பிழைத்தவன் நான். அவை நிற்காது என்று தெரிந்தபோது என் காலடியில் தரையும் நிற்காது என்று தோன்றியது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வாயைத் திறந்து சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தால் சற்று நேரத்தில் கோடுகள் தாமாகத் தம் இடத்துக்குப் போய்விடும். இப்படி நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் கார் பொள்ளாச்சியைத் தாண்டியிருக்க வேண்டும்.

அவளே வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, எதுக்குங்க வேர்த்து ஊத்துது உங்களுக்கு?"

"கோடு நிக்க மாட்டேங்குது" என்றேன். சொன்னதும் சிரிப்பு வந்தது. சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை, அதற்குள் அழுகையும் வந்தது. கூடவே குமட்டல். கழுவுதொட்டிக்கு அழைத்துப்போனாள். கொஞ்சம் வாந்தி எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள்.

"காளானுங்களா?"

அந்த ஒரு சொல்லில் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது: பக்கவாதம் இல்லை, பைத்தியம் இல்லை, காளான். அவள் தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, சட்டியில் மிச்சமே இல்லாததால் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். அவள் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"புள்ளைக்கு ரெண்டு கரண்டி ஊத்துனேனுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த பயத்தோடு ஒப்பிட்டால், அதற்கு முன் இருந்ததைப் பயம் என்று சொல்லவே கூடாது.

மனைவி மகளின் எண்ணுக்குப் போன் போட்டாள். எங்கள் படுக்கையறைக்குள்ளிருந்து மணி அடித்தது. சார்ஜரில் போட்ட போனை மகள் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த மணி ஓசை எனக்குக் காதால் மட்டும் கேட்கவில்லை. படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து மஞ்சளாகக் கசிந்து, தரையில் பரவி, என் கால்விரல்களைத் தொட்டது. காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இனி மருமகனின் எண். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "மாப்பிள்ளைகிட்டப் போயி, எங்கண்ணன் குடுத்ததுல வெசம்னு எப்படிங்க சொல்லுவேன்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே அத்தனை நேரம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவன்தானே. அவள் முதலில் அண்ணனைக் கூப்பிட்டாள், எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரம். மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

மச்சான் சொன்னார்: "கைப்பிடி அளவுதான் அம்மணி கெடைச்சுது. தோப்பு பூராத் தேடியும் அவ்வளவுதான். அத்தனூண்டைக் கொண்டாந்து உம்பட ஊட்டுல எப்படி நீட்டறது? மாப்ள என்ன நெனைப்பாரு? அதான் மாட்டுக் கட்டுத்தரையோரம் சாணிமேட்டுல மொளைச்சிருந்ததையும் பறிச்சுப் பையை ரொப்பிப்போட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

அதன்பின் மருமகனுக்குப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். அந்த நல்ல பழக்கத்தைப் பலரிடம் சொல்லி நான் பெருமைப்பட்டிருக்கிறேன். மறுபடி போட்டாள். மறுபடியும் மணி அடித்து நின்றது. அடுத்த முறை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆழியாறு தாண்டி மலைப்பாதையில் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். இனி மேலே போய்ச் சேரும்வரை அவர்களை எட்ட வழியில்லை.

ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டில் உள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஆட்டோவின் கம்பியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் திரும்பி மனைவியிடம், "அண்ணன் மத்தியானமே ஆரம்பிச்சுட்டாருங்களாக்கா?" என்றார். மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமைன்னா எங்கூட்லயும் இதே கதைதானுங்க" என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று அவரிடம் விளக்க நினைத்தேன். வார்த்தைகள் நாக்குக்கு வருவதற்குள் ஒவ்வொன்றும் வேறொன்றாக மாறிப்போயின.

டாக்டர் சின்ன வயசுப் பெண், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சாணத்தில் முளைக்கும் சில காளான்கள் புத்தியைக் கலக்கும், சில மணி நேரத்தில் தெளியும், ஆனால் வேறு நஞ்சுக் காளானும் கலந்திருக்கலாம் என்பதால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும், இரவு இங்கேயே இருக்கட்டும் என்று மனைவியிடம் சொன்னார். வேறு யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். மனைவி சொன்னாள். டாக்டரின் பேனா நின்றது. எத்தனை மாதம் என்று கேட்டார். எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, தொடர்பு கிடைத்ததும் வழியில் எங்கும் நிற்காமல் நேரே அங்கிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

திரை போட்ட ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். மேற்கூரையில் சதுரம் சதுரமாகப் பலகை. அந்தச் சதுரங்களின் கோடுகள் நெகிழ்ந்து, வளைந்து, மலைப்பாதையாக மாறின. வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். நான் பலமுறை போன சாலை. இப்போது அதில் ஒரு சிறிய வெள்ளைக் கார் ஏறிக்கொண்டிருந்தது. வளைவு எண் கூடிக்கொண்டே போனது. நாற்பதைத் தாண்டியும் போனது. சாலை முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கார் திரும்பும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டின் எண்கள் பலகையில் தெரிந்தன. தொடை எலும்பின் நீளம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. அடுத்த வளைவில் இன்னொன்று. கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் அது இன்னும் தெளிவாக இருந்தது. எல்லைக்குக் கீழே போன துண்டுகளை முப்பது வருடமாகக் கைகூசாமல் ஒதுக்கித் தள்ளியவன் நான். கத்தியிருக்கிறேன். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். டாக்டர் வந்து என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "மணி பாக்காதீங்கண்ணா. நீங்க ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் ஒரு நிமிசம்தான் ஆயிருக்கு" என்றார். எனக்கு ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஆயுள் கழிந்திருந்தது.

இவையெல்லாம் காளான் காட்டிய காட்சிகள். காட்சிகள் கலைந்துவிடும். கலையாத ஒன்று அதற்கு நடுவில் இருந்தது. என் மகள் அந்தக் குழம்பைச் சாப்பிட்டாளா என்று நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். அவள் எனக்கு இடப்பக்கம் ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடியும்வரை அங்கேயே இருந்தாள். பரிமாறியது மனைவி, அவள் உள்ளேயும் வெளியேயும் போய்வந்தாள். கூடவே இருந்த ஒரே ஆள் நான். ரிப்போர்ட்டின் ஒவ்வொரு எண்ணும் அப்போதும் மனப்பாடமாக இருந்தது. புத்தி கலங்கிய அந்த நிலையிலும் ஒரு தசமப் புள்ளிகூடத் தவறவில்லை. மகளின் தட்டு மட்டும் நினைவில் இல்லை. திரும்பத் திரும்ப அந்த மேஜைக்குப் போனேன். ஒரு முறை அவள் சாப்பிடுகிறாள். இன்னொரு முறை கை கழுவுகிறாள். இன்னொரு முறை அந்த நாற்காலியில் யாருமே இல்லை. எது நடந்தது, எது நானாகச் செய்துகொண்டது என்று பிரிக்க முடியவில்லை. நான் அவளைப் பார்த்திருக்கவே இல்லை.

அங்கே படுத்திருந்தபோது வேறு சிலவும் வரிசையாக வந்தன. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்தவன் நான். மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள் அம்மா. பிறந்தநாள் தோறும் கதவு நிலையில் அவள் உயரத்தைக் கோடு போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் அழுதுகொண்டு வந்தபோது, எதற்கு என்று கேட்க அஞ்சி, பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று கேட்டேன். என்னைச் சுற்றியிருப்பவர்கள் இதை ஒழுங்கு என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அது பயம். முகத்தைப் பார்த்தால் என்ன தெரிந்துவிடுமோ என்ற பயம். எண் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். மனிதர் அப்படி இருக்கமாட்டார்.

இதை ஞானம் என்று நான் சொல்லமாட்டேன். ஞானம் வந்தவனுக்கு உடம்பு இப்படி நடுங்காது. மகள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அப்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மனைவி ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் போன். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒவ்வொரு முறை போன் போட்டுத் தொடர்பு கிடைக்காதபோதும் அவள் விரல்கள் இறுகின. ஒரு கட்டத்தில் கூரையை விட்டுவிட்டு அந்த விரல்களை மட்டும் கவனிக்க ஆரம்பித்தேன். அவை மாறவில்லை. அந்த அறையில் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது போன் அடித்தது. மருமகன். வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று, இத்தனை மிஸ்டு கால் எதற்கு, எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறியிருக்கிறார். மனைவி அவருக்குப் பதில் சொல்லாமல், "புள்ளைகிட்டக் குடுங்க மாப்பிள்ளை" என்றாள். மருமகனிடம் அவள் அப்படிக் கட்டளையிட்டு நான் கேட்டதேயில்லை.

மகளின் குரல் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். காளான் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

"நான் எங்கீங்கம்மா சாப்புட்டேன்? அந்த வாசமே கொமட்டுச்சு. மாமா அவ்வளவு தூரம் கொண்டாந்து குடுத்திருக்காரு, வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நீங்க ரசம் எடுக்கப் போனப்ப மொத்தத்தையும் அப்பா வட்டல்ல போட்டுட்டேன். ஏன், என்னாச்சு?"

மனைவி என்னைப் பார்த்தாள். போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "அப்பாகிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டேன். 'ம்'னாரு."

'ம்' என்று சொல்லியிருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல், எதற்கு என்று தெரியாமல் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் பங்கு என் வயிற்றுக்குள் போன காரணமும் அதுதான்.

மனைவி போனை மடியில் வைத்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கூரையின் கோடுகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன, ஆனால் அவை சாலையாக இல்லை. வெறும் பலகை. வெள்ளைக் கார் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகும் வெகுநேரம் என் உடம்பு அதை நம்பவில்லை. நல்ல செய்தியும் காளான் செய்யும் வேலையாக இருக்கலாமே என்று, இரண்டு முறை மறுபடி போன் போட வைத்து அவள் குரலைக் கேட்டேன்.

மறுநாள் காலையில் ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மச்சான் வந்தார். அறை வாசலிலேயே நின்றார். எந்த வீட்டுக்கும், எந்த நோயாளியிடமும் அவர் கைவீசிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. இரண்டு இளநீராவது இருக்கும். அன்று கையில் ஒன்றுமில்லை.

"வெறுங்கையோட வந்திருக்கறேனுங்க மாப்ள" என்றார். "எதைத் தொட்டாலும் பயமா இருக்குதுங்க."

வாருங்கள் என்று சொல்லி உட்கார வைத்தேன். வழக்கமாக இந்த இடத்தில், அதனாலென்ன, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லி மழுப்பியிருப்பேன். இந்த முறை, "அந்தக் கைப்பிடி போதுமுங்க மச்சான், அதைக் கொண்டாந்திருந்தாப் போதும்" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது, உறவு அறுந்துவிடுமோ என்று. அவர் தலையை ஆட்டினார். பிறகு, அந்தக் கைப்பிடிக் காளானை எந்தெந்தப் புற்றில் எடுத்தார் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பல நாள் கழித்து, டைரியின் அந்தப் பக்கத்தை எழுதுவதற்காகக் கேட்டபோதுதான் மனைவி இன்னொன்று சொன்னாள். நறுக்கும்போது சில தண்டுகள் வெட்டின இடத்தில் நீலமாக மாறினவாம். இரும்புக் கத்தியின் வேலை என்று நினைத்தாளாம். அண்ணன் கொடுத்ததை ஆராய்ந்து பார்க்கக் கூடாதென்று என்னிடம் சொல்லவில்லை. அவள் நீலத்தைப் பார்த்தாள். நான் கசப்பைச் சுவைத்தேன். மகளுக்கு வாசம் பிடிக்கவில்லை. மச்சானுக்குச் சாணிமேடு தெரியும். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று நால்வரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மரியாதையின் விலை என் பேரக்குழந்தையாக இருந்திருக்கலாம்.

பட்டறையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததும் இப்போது ஒரு கணம் காத்திருக்கிறேன், கோடுகள் நகர்கின்றனவா என்று. நகர்வதில்லை. ஆனால் காத்திருப்பது நிற்கவில்லை.

ஏழாம் மாதத்தில் கட்டுச்சோற்று விருந்து. பிறந்த வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துப்போய், கர்ப்பிணிப் பெண்ணை உட்கார வைத்துச் சாப்பிடச் செய்யும் சடங்கு. ஆர்.எஸ்.புரத்தில் சம்பந்தி வீட்டில் நடந்தது. மச்சானும் அவர் வீட்டாரும் வந்திருந்தார்கள். மச்சான் தேங்காய்ச் சோற்றை ஒரு கரண்டி மகளுக்கு வைக்கப் போனார். அவள் தட்டின்மேல் கையை வைத்து மறித்தாள். "இது எனக்கு எறங்காதுங்க மாமா, வேண்டாங்க" என்றாள். சம்பந்தியம்மாள் என் மனைவியைப் பார்த்தார். மச்சான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "வேண்டாமுன்னா உட்ரு கண்ணு" என்று சொல்லிச் சிரித்து, அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

நான் எதிர்வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதை எடுக்கிறாள், எதை ஒதுக்குகிறாள், எந்தச் சோற்றில் முகம் மாறுகிறது, எல்லாம் பார்த்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, போதும். உங்க வட்டலைப் பாத்துச் சாப்புடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். நான் கேட்காத ஒரு வடை என் தட்டின் ஓரத்தில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் தானே வைத்ததாகச் சொன்னார். அதன் பிறகுதான் அதைத் தொட்டேன்.